பெரிய பிட்ச் மரையை லேத்தில் வெட்ட எந்த முறை ஏற்றது

எம்12, எம்16 மரைகளை நாள்தோறும் போட்டுப் பழகிய டர்னர் ஒருவரிடம் 9 மி.மீ. பிட்ச் (ஒரு மரை முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு உள்ள தூரம்) கொண்ட ட்ரெபிசாய்டல் (சரிவக வடிவப் பள்ளமுள்ள) ஸ்க்ரூ ஒன்றைக் கொடுத்தால், அதே டூல் பிடிப்பில், அதே வழியில், இன்னும் சில ஓட்டங்கள் கூடுதலாகக் கொடுத்து முடித்துவிடலாம் என்றே பெரும்பாலும் தொடங்குவார். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம் வரை அந்தக் கணக்கு தப்பாது. அதன்பின் ஜாப் அலறத் தொடங்கும், பள்ளத்தின் சுவரில் சாட்டர் (டூலின் அதிர்வால் வரும்) கோடுகள் விழும், கிராஸ் ஸ்லைடில் (டூலை ஜாபுக்குக் குறுக்கே நகர்த்தும் பகுதியில்) கொடுத்த கட் ஓர் ஓட்டத்தில் இறங்காமல் அடுத்த ஓட்டத்தில் சேர்ந்து இறங்கி டூலின் முனையை உடைக்கும். இதில் டர்னரின் கைத்திறனைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. சிறு மரைக்குப் பொருந்திய முறை பெரிய மரைக்குப் பொருந்தவில்லை என்பதே காரணம். ஆகவே எந்த முறையில் வெட்டுவது என்ற முடிவை, பாரைச் சக்கில் கட்டுவதற்கு முன்பே எடுக்கவேண்டியிருக்கிறது.

முறைகளை வெறுமனே ஒப்பிட்டால் எல்லாமே நல்லவையாகத் தோன்றும் என்பதால், ஒரு திட்டமான வேலையை வைத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 60 மி.மீ., பிட்ச் 9 மி.மீ., சுவர்களுக்கிடையே 30 டிகிரி, மரையின் நீளம் 900 மி.மீ., பொருள் ஈ.என்.8 என்னும் நடுத்தரக் கார்பன் எஃகு, அதற்குக் கன்மெட்டல் (செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம்) நட். ஏரி மதகின் ஷட்டரைத் தூக்கும் ஸ்க்ரூவும் கை பிரஸ்ஸின் ஸ்க்ரூவும் ஏறக்குறைய இந்த அளவில்தான் பட்டறைக்கு வருகின்றன. இந்த மரையின் ஆழம் பிட்சில் பாதியான 4.5 மி.மீ.யும், அடியில் விடவேண்டிய இடைவெளி அரை மி.மீ.யும் சேர்ந்து 5 மி.மீ. ஆகிறது; அடிவிட்டம் 50 மி.மீ., பிட்ச் விட்டம் 55.5 மி.மீ. பள்ளத்தின் அடி அகலம் 3.03 மி.மீ., மேலே 5.71 மி.மீ.

இந்த எண்களிலிருந்து, என் பார்வையில் முடிவைத் தீர்மானிக்கும் ஓர் அளவு கிடைக்கிறது. முழு வடிவம் தீட்டிய டூலை நேராக உள்ளே செலுத்தினால், கடைசி ஆழத்தில் அதன் முனையும் இரு பக்கங்களும் சேர்ந்து 13 மி.மீ.க்கு மேற்பட்ட நீளத்தில் ஒரே நேரத்தில் உலோகத்தை வெட்டிக்கொண்டிருக்கும். 13 மி.மீ. அகலமுள்ள ஃபார்ம் டூலைச் சாதாரண லேத்தில், அதுவும் 900 மி.மீ. நீளப் பாரின் நடுவில், யாரும் துணிந்து செலுத்தமாட்டார்கள். அதோடு மூன்று பக்கங்களிலிருந்து வரும் சிப் நடுவில் ஒன்றையொன்று நெருக்கி வெளியேற வழியில்லாமல் சுவரைக் கீறுகிறது. எனவே ஒவ்வொரு முறையையும், டூலின் எவ்வளவு நீளம் ஒரே நேரத்தில் வெட்டுகிறது, அந்த நீளத்தைத் தாங்கும் விறைப்பு மெஷினுக்கு உண்டா என்ற கேள்வியைக் கொண்டே எடைபோடவேண்டும்.

நேராகச் செலுத்தும் முறைக்கு இதனால் கிடைக்கும் இடம் குறுகியது. 2 மி.மீ. பிட்ச் வரை அதைவிட எளிய முறை வேறில்லை. கன்மெட்டலிலும் வார்ப்பிரும்பிலும் 3 மி.மீ. வரைகூடப் போகலாம். நம் ஸ்க்ரூவுக்கு அது ஏற்றதன்று.

கிராஸ் ஸ்லைடின் மேல் வேண்டிய கோணத்துக்குத் திருப்பக்கூடிய காம்பவுண்ட் ஸ்லைடைச் சாய்த்து, டூலை ஒரு சுவரின் ஓரமாகவே இறக்குவது அடுத்த முறை. 60 டிகிரி மெட்ரிக் மரைக்குக் காம்பவுண்டை 29.5 டிகிரியில் நிறுத்தி, கட் முழுவதையும் அதன் டயலில் கொடுத்து, கிராஸ் ஸ்லைடைப் பின்வாங்குவதற்கும் மீண்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதற்கும் மட்டும் பயன்படுத்துவார்கள். டூலின் ஒரு பக்கமும் முனையும் மட்டுமே வெட்டுவதால் சிப் ஒரே திசையில் சுருண்டு வெளியே வருகிறது. எம்64 × 6 மரைக்கு இம்முறையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்: ஆழம் 3.68 மி.மீ., காம்பவுண்ட் டயலில் 4.23 மி.மீ. பயணம், வெட்டும் நீளம் நேர் முறையில் உள்ளதில் ஏறத்தாழ பாதி. ஆனால் ட்ரெபிசாய்டல் மரையில் இந்த ஆதாயம் சுருங்கிவிடுகிறது. சுவரின் சாய்வு 15 டிகிரிதான் என்பதாலும், முனையே 3 மி.மீ. அகலமுள்ளது என்பதாலும், ஒரு பக்கத்தை விடுவித்த பிறகும் 8 மி.மீ.க்கு மேல் வெட்டிக்கொண்டே இருக்கும். விடுவித்த பக்கமும் முற்றிலும் விலகாமல் சுவரை உரசிக்கொண்டு போகும். கனமான பெட் கொண்ட பெரிய லேத்தில் 5 மி.மீ. பிட்ச் வரை சமாளிக்கலாம். 9 மி.மீ. பிட்சுக்கு இது அரைத் தீர்வு.

சாதாரண லேத்தில் ஒன்றிரண்டு ஸ்க்ரூ செய்யவேண்டியவருக்கு நான் சொல்வது, முதலில் சதுரப் பள்ளம் வெட்டி, பிறகு சுவர்களைத் தனித்தனியே சாய்க்கும் முறையைத்தான். 2.8 மி.மீ. அகலமுள்ள பள்ள டூல் ஒன்றை எச்.எஸ்.எஸ்.ஸில் (ஹை ஸ்பீட் ஸ்டீலில்) தீட்டி, 9 மி.மீ. பிட்சிலேயே ஓட்டி, 4.9 மி.மீ. ஆழம் வரை நேராக இறக்கவேண்டும். பள்ளத்தின் குறுக்குப் பரப்பு 21.8 சதுர மி.மீ.; அதில் ஏறத்தாழ 14 சதுர மி.மீ.யை, அதாவது மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானதை, இந்த எளிய டூலே எடுத்துவிடுகிறது. வெட்டும் நீளம் எந்த ஆழத்திலும் 2.8 மி.மீ.தான், ஆழம் கூடினாலும் சுமை கூடுவதில்லை. பிறகு, முனை 2.5 மி.மீ. அகலத்துக்குக் குறைத்துத் தீட்டிய 30 டிகிரி டூலை மாட்டி, காம்பவுண்ட் ஸ்லைடைப் பெட்டுக்கு இணையாக நிறுத்தி, பக்கவாட்டில் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை நகர்த்தி, ஒரு சுவரை முடித்துவிட்டு மற்றதற்குப் போகவேண்டும். ஒவ்வொரு சுவரிலும் மிஞ்சியிருப்பது மெல்லிய முக்கோணம் மட்டுமே என்பதால், கடைசி ஓட்டங்களில் டூல் ஏறத்தாழ சீவுவதைப்போல் வெட்டிக் கண்ணாடிபோன்ற சுவரைத் தருகிறது.

இந்த முறையில் இரண்டு இடங்கள் கவனத்துக்குரியவை. முதலாவது டூலின் பக்கக் கிளியரன்ஸ், அதாவது டூலின் பக்கம் சுவரில் உரசாதபடி தீட்டும் சாய்வு. மரை ஏறும் கோணம் இங்கே பிட்ச் விட்டத்தில் 2.95 டிகிரி, அடிவிட்டத்தில் 3.28 டிகிரி. வலது மரை வெட்டும்போது சக்கை நோக்கிய பக்கம் முன்செல்வதால், அந்தப் பக்கத்துக்கு இந்த 3.3 டிகிரியோடு வழக்கமான 4 முதல் 5 டிகிரியையும் சேர்த்து 8 டிகிரி தீட்டவேண்டும். டெயில்ஸ்டாக்கை நோக்கிய பக்கத்துக்கு 2 டிகிரியே போதும், ஏனெனில் மரையின் ஏற்றமே அங்கு மீதியைத் தந்துவிடுகிறது. இரு பக்கமும் சமமாக 3 டிகிரி தீட்டினால் முன்பக்கம் வெட்டாமல் தேய்க்கும், அந்தத் தேய்ப்பைச் சாட்டர் என்று தவறாக எண்ணி ஸ்பீடைக் குறைத்துக்கொண்டே போகவேண்டிவரும். இதே மரை டபுள் ஸ்டார்ட்டாக, அதாவது இரண்டு மரைகள் இணையாக ஓடி, ஒரு சுற்றுக்கு நகரும் தூரமான லீட் 18 மி.மீ.யாக, வந்தால் ஏற்றக் கோணம் 5.9 டிகிரி ஆகிவிடும். அப்போது டூலைத் தனியே தீட்டாமல் முடியவே முடியாது.

இரண்டாவது, டெயில்ஸ்டாக் பக்கச் சுவரை முடிக்கும்போது வரும் ஆபத்து. சக் பக்கச் சுவரை வெட்டும்போது எதிர்விசை கேரேஜை (டூலைத் தாங்கிப் பெட்டின் மேல் ஓடும் பகுதியை) பின்னோக்கித் தள்ளுவதால், கேரேஜில் உள்ள ஹாஃப் நட் அதை இழுத்துச்செல்லும் லீட் ஸ்க்ரூவோடு ஒட்டியே இருக்கிறது. மறு சுவரை வெட்டும்போது விசை கேரேஜ் போகும் திசையிலேயே தள்ளுகிறது. ஹாஃப் நட்டில் உள்ள பிளே முழுவதையும் தாண்டி கேரேஜ் திடீரென முன்னே துள்ளும், டூல் சுவருக்குள் புதைந்துகொள்ளும். பழைய லேத்தில் இது நிச்சயம் நிகழும். கேரேஜ் லாக்கைச் சற்றே இறுக்கி, கை வீலைச் சுழற்றினால் கனமாக உணரும் அளவுக்கு உராய்வு கொடுத்துவிட்டால் துள்ளல் நின்றுவிடும். காம்பவுண்டின் கிப்பையும் (தளர்வைச் சரிசெய்யும் பட்டையையும்) அதேபோல் இறுக்கமாக வைக்கவேண்டும்.

நேரத்தையும் பார்த்துவிடலாம். 60 ஆர்.பி.எம்.மில் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 11 மீட்டர், எச்.எஸ்.எஸ்.ஸுக்கு ஏற்றது. 900 மி.மீ. என்பது 100 சுற்று. ஓர் ஓட்டத்துக்கு ஒரு நிமிடம் நாற்பது விநாடி, ரிவர்ஸில் திரும்புவதற்கும் அதே அளவு. பள்ளத்துக்கு 50, சுவர்களுக்கு 36 என்று 86 ஓட்டங்கள் வைத்தால் மொத்தம் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். லீட் ஸ்க்ரூ 6 மி.மீ. பிட்ச் உள்ளதாக இருந்தால், 18 மி.மீ.க்கு ஒருமுறை ஹாஃப் நட்டை மூடலாம் என்பதால், த்ரெட் டயலைப் பார்த்துக் கையாலேயே கேரேஜைத் திருப்பிக் கொண்டுவந்து நேரத்தில் பெரும் பகுதியை மிச்சப்படுத்தலாம். லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு 4 மரை என்றால் அந்த வசதி இல்லை: 127 பல் கியர் மாட்டி, ஓட்டும் கியர்கள் 60, 120, ஓடும் கியர்கள் 127, 40 என்று அமைத்து, வேலை முடியும்வரை ஹாஃப் நட்டைத் திறக்காமலேயே இருக்கவேண்டும்.

இங்கே கார்பைடு இன்செர்ட் மாட்டி வேகமாக முடிக்கலாமே என்ற யோசனை பலருக்கும் வருகிறது. கார்பைடு நன்றாக வெட்ட நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று வைத்தாலும், 60 மி.மீ. விட்டத்தில் அது 424 ஆர்.பி.எம். அப்போது கேரேஜ் விநாடிக்கு 64 மி.மீ. ஓடும், மரை முடியும் இடத்தில் கையால் அதை நிறுத்த எவராலும் இயலாது. 60 ஆர்.பி.எம்.மிலேயே கார்பைடை ஓட்டினால் முனையில் உலோகம் ஒட்டி, பெயர்ந்து, விளிம்பையும் சேர்த்துப் பெயர்க்கும். எனவே சாதாரண லேத்தில் பெரிய பிட்சுக்கு, கோபால்ட் கலந்த எச்.எஸ்.எஸ்.ஸே இன்றும் சரியான தேர்வு. அதைப் பழைய முறை என்று ஒதுக்குவது வேகக் கணக்கைப் பார்க்காததன் விளைவு.

கணினி இயக்கும் சி.என்.சி. லேத்தில் நிலைமை மாறுகிறது. 424 ஆர்.பி.எம்.மில் 9 மி.மீ. லீட் என்பது நிமிடத்துக்கு 3.8 மீட்டர் ஓட்டம். சர்வோ மோட்டாருக்கு அது சாதாரணம், மரை முடியும் இடத்தில் பின்வாங்குவதும் பிசகுவதில்லை. ஃபேனக் கன்ட்ரோலில் மரை வெட்டும் கட்டளையான ஜி76 சைக்கிளுக்கு 30 டிகிரி கோணத்தையே கொடுத்துச் சுவரோரமாக இறக்கமுடியும். ஆனால் அந்தச் சைக்கிள் ஒவ்வொரு கட்டிலும் ஒரே அளவு உலோகம் எடுக்குமாறு ஆழத்தை வர்க்கமூலக் கணக்கில் பிரிக்கிறது: முதல் கட் 0.8 மி.மீ. என்றால் 5 மி.மீ. ஆழத்துக்கு 39 ஓட்டங்கள், 0.5 மி.மீ. என்றால் 100. அதற்குப் பிறகும் முழு வடிவ இன்செர்ட்டின் நீண்ட விளிம்பு உள்ளேதான் இருக்கும். ஆகவே இங்கும், 2.5 மி.மீ. குரூவிங் இன்செர்ட்டை வைத்து, தொடக்கப் புள்ளியை நடு, இடம், வலம் என்று மாற்றி மாற்றி மேக்ரோ எழுதி வெட்டிவிட்டு, முழு வடிவ இன்செர்ட்டைக் கடைசிச் சில ஓட்டங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. தோராய வெட்டுக்கும் கடைசி வெட்டுக்கும் இடையே ஸ்பின்டில் வேகத்தை மாற்றினால், சர்வோவின் பின்னடைவு மாறி மரை இடம் பெயரும் என்பதை மறக்கக்கூடாது. தொடக்கத்தில் கேரேஜ் வேகம் எடுப்பதற்கு ஒரு பிட்ச் அளவாவது காலியிடம் விடவேண்டும். சிறு பட்டறைகளுக்கு உண்மையான தடை இவை எதுவுமன்று, நீளம்தான்: சிறு சி.என்.சி. லேத்துகளில் 900 மி.மீ. ஸ்க்ரூ உள்ளேயே போகாது.

மரை வெர்லிங் முறை, கேள்வியையே வேறுவிதமாக அணுகுகிறது. ஜாபைச் சுற்றி ஒரு வளையம். அதன் உள்விளிம்பில் மூன்று அல்லது நான்கு இன்செர்ட்டுகள். வளையத்தின் மையம் ஜாபின் மையத்திலிருந்து விலகியும், தளம் மரை ஏறும் கோணத்துக்குச் சாய்ந்தும் இருக்கும். வளையம் தனி மோட்டாரில் வேகமாகச் சுழல, ஜாப் மிக மெதுவாகச் சுழல, கேரேஜ் லீட் ஸ்க்ரூவோடு ஊர்ந்துகொண்டே முழு ஆழத்தையும் ஒரே ஓட்டத்தில் வெட்டிக்கொண்டு போகும். வெட்டு வேகமும் ஓட்ட வேகமும் ஒன்றையொன்று சாராமல் பிரிந்துவிடுவதுதான் இதன் பலம். இன்செர்ட் முனைகளின் வட்டம் 64 மி.மீ., வெட்டு வேகம் 120 மீட்டர் என்றால் வளையத்துக்கு ஏறத்தாழ 600 ஆர்.பி.எம்.; ஒரு பல்லுக்கு 0.2 மி.மீ. வீதம் நான்கு பற்கள் வெட்டினால் ஜாப் நிமிடத்துக்கு இரண்டரைச் சுற்று சுழலவேண்டும். 100 சுற்று, 40 நிமிடம், ஸ்க்ரூ முடிந்தது. ஐந்து மணி நேரத்தோடு ஒப்பிட்டால் மலைப்பாகவே இருக்கும்.

ஆனால் அந்த இரண்டரைச் சுற்றில்தான் சிக்கல். பேக் கியர் போட்டாலும் பெரும்பாலான சாதாரண லேத்துகளின் மிகக் குறைந்த வேகம் 25 ஆர்.பி.எம்.மைவிடக் குறைவதில்லை. ஸ்பின்டிலை இயக்காமல், கியர் மோட்டார் ஒன்றை லீட் ஸ்க்ரூவின் முனையில் மாட்டி, ஸ்பின்டில் கியர்களின் வழியே பின்தொடருமாறு செய்வது நல்ல மாற்று. பிட்ச் பெரிதாக இருக்கும்போது கியர்ப் பற்களுக்கு வரும் சுமையும் அப்படிச் செய்தால் குறைகிறது. வளையம், அதன் பேரிங், சாய்க்கும் தாங்கி, மோட்டார், முன்னால் செல்லும் ஸ்டெடி எல்லாவற்றையும் செய்து முடிக்கும் உழைப்பு, இரண்டு ஸ்க்ரூவுக்காகச் செய்யத்தக்கதன்று. மாதம்தோறும் அதே அளவில் பத்துப் பதினைந்து ஸ்க்ரூ செய்யும் பட்டறைக்கு அது தன் விலையைத் தானே மீட்டுவிடும். டூல் போஸ்ட்டில் மோட்டாரையும் சாய்த்த ஃபார்ம் கட்டரையும் மாட்டி வெளியிலிருந்து மில்லிங் செய்வதும் இதே வகைதான். அமைப்பது எளிது, ஆனால் கட்டர் ஜாபைத் தொடும் வில் சிறியது என்பதால் சுவரின் மழமழப்பு வெர்லிங் அளவுக்கு வராது.

டையைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. இந்தப் பிட்சுக்குக் கையால் சுற்றும் டை பொருந்தாது. ரோலிங் வேறு: பிட்ச் விட்டத்துக்கு அருகில் கடைந்த பாரை இரு உருளைகளுக்கு நடுவே அழுத்தி மரையை எழுப்புவது, உலோகத்தின் நார் அறுபடாததால் வலிமையான முறை. அதைத் தனி ஸ்க்ரூவுக்குச் செய்துதரமாட்டார்கள் என்றாலும், ரோல் செய்த ட்ரெபிசாய்டல் பார்கள் நிலையான அளவுகளில் நீளக்கணக்கில் விற்கப்படுகின்றன. ஒரே ஸ்டார்ட், வலது மரை, நிலையான அளவு, துல்லியம் மிகத் தேவையில்லாத தூக்கும் வேலை என்று நான்கும் பொருந்தினால், பாரை வாங்கி இரு முனைகளையும் மட்டும் கடைந்துகொள்வதே அறிவுடைமை. பழைய மெஷினுக்கு மாற்று ஸ்க்ரூ, இடது மரை, சதுர மரை, அங்குலப் பிட்ச் என்று வந்துவிட்டால் லேத்துக்குத் திரும்பத்தான் வேண்டும்.

எந்த முறையில் வெட்டினாலும், பாரின் தேர்வு முடிவைக் கெடுக்கக்கூடும். குளிரில் இழுத்த பளபளப்பான பாரில் 5 மி.மீ. ஆழம் வெட்டினால், மேற்பரப்பில் அடைபட்டிருந்த இறுக்கம் விடுபட்டு ஸ்க்ரூ வில்லாக வளையும். நார்மலைஸ் செய்த (சூடாக்கிக் காற்றில் ஆறவிட்ட) பாரைக் கடைந்து எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. சூட்டின் கணக்கும் உண்டு: 900 மி.மீ. எஃகு 20 டிகிரி சூடானால் ஏறத்தாழ 0.2 மி.மீ. நீளும். சூடாக இருக்கும்போது ஒரு சுவரையும், ஆறிய பிறகு மற்றதையும் முடித்தால், ஒரு முனையில் நட் தளர்ந்தும் மறுமுனையில் இறுகியும் ஓடும். தோராய வெட்டை மாலையில் முடித்துவிட்டு, சுவர்களை மறுநாள் காலையில் சல்பர் கலந்த கட்டிங் ஆயில் ஊற்றி ஒரே மூச்சில் முடிப்பது நல்ல வழக்கம். டூலோடு நகர்ந்து ஜாபைத் தாங்கும் டிராவலிங் ஸ்டெடியின் தாடைகள் மரையின் முகட்டில்தான் ஓடுகின்றன என்பதால், ஒவ்வொரு சில ஓட்டத்துக்கும் ஒருமுறை முகட்டின் பிசிறை அரத்தால் நீவிவிடவேண்டும்.

அளப்பதற்கு, பள்ளங்களில் மூன்று கம்பிகளை வைத்து அவற்றின் மேல் மைக்ரோமீட்டரால் அளக்கும் மூன்று கம்பி முறையே போதும். 30 டிகிரிச் சுவருக்கு உகந்த கம்பி விட்டம் 4.66 மி.மீ. அது கையில் இல்லாவிட்டால், மைக்ரோமீட்டரில் 4.70 மி.மீ. காட்டும் மூன்று ட்ரில்களின் ஷாங்கை வைத்து அளந்தால், தளர்வு எதுவும் விடாத நிலையில் 61.57 மி.மீ. வரவேண்டும், ஃபிட்டுக்கு வேண்டிய தளர்வை அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

நட்டைப் பொறுத்தவரை, ஒன்றிரண்டுக்கு 51 மி.மீ. துளையில் போரிங் பாரால் இதே பள்ளம், சுவர் முறையில் வெட்டுவதுதான் வழி. போரிங் பார் ஸ்க்ரூவைவிட எளிதில் வளையும் என்பதால் ஒரு ஓட்டத்துக்குக் கொடுக்கும் கட்டைப் பாதியாக்கவேண்டும், கடைசியில் கட் கொடுக்காமல் இரண்டு மூன்று ஓட்டம் ஓட்டவேண்டும். பல நட்டுகள் தேவைப்படும் பட்டறை, ஸ்க்ரூவுக்குப் போட்ட கியர் அமைப்பைக் கலைப்பதற்கு முன்பே, அதே பிட்சில் ஒரு டேப்பையும் (உள்மரை வெட்டும் கருவியையும்) ஓ.எச்.என்.எஸ்.ஸில் (எண்ணெயில் குளிர்வித்துக் கடினப்படுத்தும் டூல் எஃகில்) வெட்டிக் கடினப்படுத்தி வைத்துக்கொண்டால், போரிங் பாரால் தோராயமாக வெட்டிய நட்டுகளை அதைக் கொண்டே முடித்துவிடலாம். ஸ்க்ரூவை முதலில் முடித்து, அதையே கேஜாக வைத்து நட்டை வெட்டுவதா, நட்டை முதலில் முடிப்பதா என்று கேட்டால், ஸ்க்ரூ முதலில் என்பேன்: நட் பிசகினால் போவது ஒரு துண்டு கன்மெட்டல், ஸ்க்ரூ பிசகினால் போவது ஐந்து மணி நேரம்.